"சின்னதா ஒரு கைத்துப்பாக்கி வேணுங்க": கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே துப்பாக்கியும் தோட்டாவும் விற்கும் கடை எங்களுடையது. அப்பா ஆரம்பித்தது, நான் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாங்க வருவதில்லை, கேட்க வருகிறார்கள். தென்னந்தோப்பில் யானை, மக்காச்சோளத்தில் பன்றி, தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மா என்று ஆளுக்கொரு பயம். கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது ஒரே வார்த்தையில்தான்: "எல்லாத்துக்கும் சேர்த்து சின்னதா ஒண்ணு."

எல்லாத்துக்கும் சேர்த்து என்று ஒரு துப்பாக்கி கிடையாது. அதை ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் இப்படி எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டாதீர்கள், வக்கீலைப் பாருங்கள்.

லைசென்ஸ் இல்லாம சின்ன துப்பாக்கி ஏதாச்சும் கிடைக்குங்களா?

கிடைக்காது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி எந்தக் கைத்துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால், 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருஷம், கூடினால் 5 வருஷம் சிறை. "வடக்கே இருந்து ஒருத்தர் கொண்டுவந்து தர்றேங்கிறார்" என்று மெதுவாக ஆரம்பிப்பவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். சட்டத்தை விடுங்கள், தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்த துப்பாக்கி முதலில் பதம் பார்ப்பது சுடுகிறவன் கையைத்தான்.

உரிமம் இல்லாமல் வாங்கக்கூடியது ஏர் கன் ஒன்றுதான். அதுவும் குழலின் உள்விட்டம் .177 அங்குலம், ரவையின் ஆற்றல் 20 ஜூலுக்குள். காகித அட்டையில் ஓட்டை போட்டுப் பழக நல்ல பொருள், பாதுகாப்புக்கு ஆகாது. இந்த 20 ஜூல் கணக்கை மனதில் வையுங்கள், பன்றியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ரிவால்வர், பிஸ்டல் ரெண்டும் ஒண்ணுதானுங்களே?

இல்லை. ரிவால்வரில் உருளை சுற்றும், அதில் பெரும்பாலும் ஆறு அறை, அறைக்கு ஒரு தோட்டா. ஒன்று வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் மேல்பாகம் பின்னால் போய்த் திரும்பி அடுத்த தோட்டாவை ஏற்றும். பிடி தளர்வாக இருந்தாலோ தோட்டா பழசாக இருந்தாலோ நடுவில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் எடுத்துவிடப் பழக்கம் வேண்டும்.

பிஸ்டலில் இன்னொரு ஆபத்து. மேகசினை உருவிவிட்டால் காலி என்று நினைக்கிறார்கள். குழலுக்குள் ஏற்கெனவே ஏறிய ஒன்று அப்படியே இருக்கும். வீட்டுக்குள் தவறுதலாக வெடித்தது என்று என் காதுக்கு வந்த கதைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தோட்டாவால் வந்தவை. வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் பெட்டியிலிருந்து எடுப்பவர் என்றால் நான் ரிவால்வரைத்தான் சொல்வேன்.

.32, 9 எம்.எம்.னு சொல்றாங்களே, நமக்கு எது கிடைக்கும்?

9 எம்.எம். ராணுவமும் போலீசும் பயன்படுத்துவது. அது தடைசெய்யப்பட்ட அளவு, சாதாரணக் குடிமகனுக்கு மாவட்ட அளவில் உரிமம் கிடைக்காது. நமக்குக் கைத்துப்பாக்கி என்றால் நடைமுறையில் .32 தான். அரசுத் தொழிற்சாலைகளில் செய்யும் .32 ரிவால்வர், ஈஷாப்பூரின் "அஷானி" பிஸ்டல், 2014-இல் கான்பூரில் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி வந்த "நிர்பீக்", 2023-இல் வந்த "பிரபல்" இவையெல்லாம் அதே .32 குடும்பம். இப்போது தனியார் தயாரிப்புகளும் உண்டு.

வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி செய்வதை அரசு 1980-களின் நடுவில் நிறுத்திவிட்டது. தாத்தா காலத்து வெப்லி என்ற இங்கிலாந்து ரிவால்வரை லட்சக்கணக்கில் விலை பேசுவது அதனால்தான். பழசின் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். உருளை ஒவ்வொரு அறையிலும் ஆடாமல் பூட்டி நிற்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரை கூட்டிக்கொண்டு போங்கள்.

தோப்புக்குள்ள யானை வருதுங்க. இடுப்புல ஒரு ரிவால்வர் இருந்தா தைரியமா இருக்குமல்ல?

தைரியமாகத்தான் இருக்கும், அதுதான் பிரச்சினையே. .32 ரிவால்வரின் ரவை ஆறரை கிராம்கூட இருக்காது. எதிரே நிற்பது மூன்று டன், நான்கு டன். அந்த ரவை யானையை நிறுத்தாது, புண்ணாக்கும். புண்பட்ட யானை அதே வழியில் நாளைக்கும் வரும். உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பால் கறக்கப் போகிற பெண்ணுக்கு அந்த விஷயம் தெரியாது.

தூரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். துரத்தி வரும் யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எளிதாகத் தொடும். 15 மீட்டர் இடைவெளி என்றால் இரண்டே வினாடி. வேட்டி மடிப்பிலிருந்து உறையைத் தேடுவதற்குள் முடிந்துவிடும். எனக்குத் தெரிந்து யானையிடம் தப்பித்தவர்கள் முன்கூட்டியே பார்த்தவர்கள். மாட்டிக்கொண்டவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் இல்லாமல் மோட்டார் போடப் போனவர்கள். யானை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் அதிகப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. வேட்டையாடியதாக வழக்கு வந்தால் 3 முதல் 7 வருஷம்.

பன்றிக்காச்சும் போதுங்களா?

போதாது. .32 ரவை குழலை விட்டு வெளியே வரும்போது சுமார் 150 ஜூல். ஏர் கன்னின் 20 ஜூலோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியும். பன்னிரண்டு போர் (bore, குழல் வாயின் அளவு) நீளக் குழல் துப்பாக்கியோ 2000 ஜூலைத் தாண்டும். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டை மேல் தடித்த தோலும் திசுவும் கேடயம் மாதிரி இறுகிக் கிடக்கும். இருட்டில், ஓடுகிற பன்றி மேல், மூன்று அங்குலக் குழலை நீட்டிச் சுட்டு உயிர்நிலையில் அடிப்பேன் என்பவர் ஒலிம்பிக்குக்குப் போகலாம்.

சட்டமும் அதே கணக்கில்தான் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்வது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுக் குழல் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரி ஒப்புக்கொண்டால் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழக் குழல் துப்பாக்கி. கைத்துப்பாக்கிக்கு அந்த இடத்தில் பேச்சே இல்லை. "பன்றித் தொல்லை, ரிவால்வர் வேண்டும்" என்று மனு எழுதினால், எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்பது கலெக்டர் ஆபீசுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

துப்பாக்கி உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுட உரிமை வந்துவிடாது, இது வேறு அது வேறு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாடு இது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3-க்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். நீங்களும் நானும் இல்லை, வனத்துறையினர். கேரளாவில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவின்பேரில் உரிமம் உள்ளவர்கள் சுடுகிறார்கள். வாளையாறு தாண்டினால் சட்டம் வேறு என்பதை மறந்து இந்தப் பக்கம் சுட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு.

உயிருக்கு ஆபத்துன்னா எந்த மிருகத்தையும் சுடலாம்னு சட்டத்துலயே இருக்காமே?

இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11(2) பிரிவு. தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்ற, நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ குற்றமில்லை. ஆனால் அதற்கு அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்களே அந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் இந்த விலக்கு கிடையாது. வேட்டைக்கென்று காட்டுக்குள் போய், கரடி மேலே விழுந்தது என்று சொல்ல முடியாது. விழுந்த விலங்கு அரசாங்கத்தின் சொத்து, தொடக்கூடாது.

இந்தப் பிரிவு உயிரைக் காக்க, பயிரைக் காக்க அல்ல. வாழைத்தாரைத் தின்றுகொண்டிருந்த யானை உங்கள் உயிருக்கு ஆபத்தாக இருந்தது என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

சிறுத்தை, கரடி?

சிறுத்தை முன்னால் வந்து நின்று உங்களுக்கு நேரம் கொடுக்காது. மங்கிய வெளிச்சத்தில், பின்னாலிருந்து, பெரும்பாலும் குனிந்திருக்கும் ஆளையோ குழந்தையையோதான் குறி வைக்கும். கரடி எதிர்பாராமல் மோதிக்கொண்டால் மிரண்டு முகத்தில் பாயும். இரண்டு வேளையிலும் துப்பாக்கி உறையில்தான் இருக்கும். 2021-இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் ஆட்களைக் கொன்ற டி-23 புலியை, பயிற்சி பெற்றவர்கள், கும்கி யானை, ட்ரோன், மயக்க ஊசி எல்லாம் வைத்துக்கொண்டு தேடியே பிடிக்க மூன்று வாரம் ஆனது. உயிரோடுதான் பிடித்தார்கள்.

வானத்தைப் பார்த்து ஒண்ணு சுட்டு, சத்தத்துல விரட்டிடலாமே?

மேலே போனது கீழே வரும். தோப்புக்கு அப்பால் யார் வீட்டுக் கூரை இருக்கிறது என்று இருட்டில் தெரியாது. கல்யாணம், திருவிழா என்று கொண்டாட்டத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டு யாருக்காவது ஆபத்து உண்டாக்கினால் 2 வருஷம் வரை சிறையோ 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ என்று 2019-இல் தனியாகவே சட்டத்தில் சேர்த்தார்கள். சத்தம்தான் வேண்டும் என்றால் தோட்டாவை விடப் பட்டாசு விலை குறைவு. அதற்கும் யானைகள் பழகிவிட்டன என்பது வேறு விஷயம். பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய்ப் பேச்சை மட்டும் என் கடையில் எடுக்காதீர்கள். வாய் கிழிந்த யானை வாரக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

அப்போ மிருகத்துக்கு என்னதான் பண்றது?

வால்பாறையில் பாருங்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் வனத்துறையோடு சேர்ந்து, யானைக் கூட்டம் எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். முக்கியமான இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு, அதைப் போனிலேயே எரியவிடலாம். விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் யானை. பஸ்ஸிலிருந்து இறங்கி இருட்டில் லைன் வீட்டுக்கு நடப்பவருக்கு ரிவால்வரை விட இது பெரிய காவல்.

இன்னொன்று சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஒரு ஆய்வு மதிப்பிட்டது. தோட்டத்தில் உங்களைக் கொல்ல அதிக வாய்ப்புள்ள பிராணி அதுதான். அதற்கு வேண்டியது கணுக்கால் மூடும் பூட்ஸும், நல்ல டார்ச்சும், விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்ற தகவலும். மூன்றும் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும்.

சரி, மிருகத்தை விடுங்க. தோட்டத்து வீட்டுல வயசானவங்க ரெண்டு பேருதான் இருக்காங்க. திருட்டுப் பசங்களுக்காச்சும் வேணுமல்ல?

இந்தக் கேள்வியைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், அடுத்த மே மாதம் சிவகிரியில் வயதான தம்பதி கொலை என்று வந்த பிறகு, என் கடைக்கு வருகிற முகங்களே மாறிவிட்டன. முன்பெல்லாம் மீசையை முறுக்கிக்கொண்டு வருவார்கள். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், போனில் அம்மாவின் தோட்டத்து வீட்டுப் படத்தைக் காட்டிக்கொண்டு வருகிறான்.

அவனிடம் நான் கேட்பது: அப்பாவுக்கு வயசென்ன? கண்புரை ஆபரேஷன் ஆயிற்றா? நாய் குரைத்தால் விளக்கைப் போடுவாரா, கதவைத் திறந்துகொண்டு வெளியே போவாரா? பெரும்பாலானவர்கள் வெளியே போகிறவர்கள். இருட்டில் காத்திருக்கும் மூன்று பேர் முன்னால், துப்பாக்கியோடு வெளியே வரும் எழுபது வயதுக்காரர் அவர்களுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம். தூக்கத்தில் இருப்பவருக்கோ எந்தத் துப்பாக்கியும் உதவாது.

அந்தப் பணத்தில் முதலில் கதவுக்கு உள்பக்கம் இரும்புப் பட்டைத் தாழ்ப்பாள், நான்கு மூலையிலும் அசைந்தால் எரியும் விளக்கு, பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கும் சைரன், படுக்கை அறைக்குள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் வசதி. இவை எல்லாம் ஆன பிறகும், துப்பாக்கியைக் கையாளத் தெரிந்த, திடமான ஆள் வீட்டில் இருந்தால், அப்போது பேசலாம். அப்போதும் வீட்டுக்குள் இருந்தபடி காக்க நீளக் குழல்தான் என் கட்சி. அதற்கு உரிமம் கிடைப்பது ஒப்பீட்டில் எளிது என்பதும் ஒரு காரணம்.

சுவர் ஏறிக் குதிச்சவனைச் சுட்டா கேஸ் வராதுல்ல?

வரும். வந்த பிறகு தற்காப்பு என்று நீங்கள் காட்ட வேண்டும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், பாலியல் வன்கொடுமை, கடத்தல் என்ற நியாயமான அச்சம் இருந்தால் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் எதிர்க்கலாம். வழிப்பறி, கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுவது இவற்றுக்கும் அந்த அளவு உண்டு.

ஆனால் காம்பவுண்டுக்குள் குதித்துத் தேங்காய் பொறுக்குபவன் வீட்டை உடைப்பவன் அல்ல. முதுகைக் காட்டி ஓடுகிறவனால் இனி உங்கள் உயிருக்கு ஆபத்து இல்லை. போலீசைக் கூப்பிட நேரம் இருந்தால் கூப்பிட வேண்டும், தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது. உச்ச நீதிமன்றம் 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில், தாக்கப்படுபவன் கோழைபோல நடந்துகொள்ள வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்கிறது, பழிவாங்கலுக்கு இந்த உரிமை இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் வாட்சப்பில் அனுப்புகிறார்கள்.

கத்தியோட வர்றவனுக்கு .32 பத்துமா?

பத்தலாம், பத்தாமலும் போகலாம். சினிமாவில் மாதிரி ஒரு குண்டில் ஆள் பின்னால் பறந்து விழுவதில்லை. எங்கே படுகிறது என்பதுதான் எல்லாம். எங்கே படும் என்பது பழக்கத்தைப் பொறுத்தது.

உரிமம் உள்ளவர்கள் கடையில் ரிவால்வர் பார்க்கும்போது ஒரு சோதனை வைப்பேன். உருளையைத் திறந்து காலி என்று இருவரும் பார்த்துக்கொள்வோம். ஆள் இல்லாத செங்கல் சுவரைப் பார்த்து நீட்டச் சொல்லி, குழல் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பேன். "விசையை இழுங்கள், காசு விழக்கூடாது." அந்த விசை இரும்பு மாதிரி கனக்கும். பத்துக்கு ஒன்பது பேருக்குக் காசு டைல்ஸில் விழுந்து உருளும். எதிரே யாருமில்லை, இருட்டு இல்லை, உயிர்ப் பயம் இல்லை. அப்போதே அப்படி. மாவட்ட ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஒரு வருஷம் பழகுவதாக இருந்தால் வாங்குங்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு லேசா, கைப்பையில வைக்கிற மாதிரி ஒண்ணு?

அரைக்கிலோ எடையில் வந்த நிர்பீக்கை அப்படித்தான் விளம்பரம் செய்தார்கள். லேசான துப்பாக்கி கையில் அதிகமாக உதைக்கும், இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. அறிமுகமானபோதே அதன் விலை 1 லட்சத்து 22 ஆயிரத்துச் சொச்சம். 2025 செப்டம்பர் 22 முதல் கைத்துப்பாக்கிக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 40 சதவீதம். உரிமம் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும், உங்கள் உரிமத்தில் அவர் எடுத்துப்போக முடியாது. பெப்பர் ஸ்ப்ரேக்கு உரிமம் வேண்டாம், சில நூறு ரூபாய். காலாவதித் தேதி மட்டும் பார்த்து மாற்றுங்கள். தெருநாய்க்கும் அந்தக் கைப்பையில் அதுதான். நாயைச் சுட்டால் வழக்கு.

லைசென்ஸுக்கு என்ன பண்ணணும்? எத்தனை நாளாகும்?

21 வயது ஆகியிருக்க வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர், மாநகரங்களில் போலீஸ் கமிஷனர் அதிகாரி. ஏ-1 படிவம், அடையாளம், இருப்பிடச் சான்று, உடல், மனநலம் சரி என்று டாக்டர் சான்று, பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று, வீட்டில் வைக்கும் பெட்டி. பிறகு போலீஸ் விசாரணை, வருவாய்த் துறை விசாரணை. சட்டத்தில் நாள்கணக்கு இருக்கிறது, நடப்பில் மாதக்கணக்கு.

எல்லாவற்றுக்கும் மேல் "தகுந்த காரணம்". பன்றிக் கேள்வியில் சொன்ன அதே 13-ஆம் பிரிவு, கைத்துப்பாக்கி கேட்பவர் காரணத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. மிரட்டல் வந்ததற்குப் போலீசில் கொடுத்த புகார், நகைக்கடைக்குப் பணம் கொண்டுபோகும் தொழில் என்று காகிதத்தில் இருப்பது நிற்கும். "காலம் கெட்டுக் கிடக்குதுங்க" என்பது நிற்காது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு உண்டு. கிடைத்தால் 5 வருஷம் செல்லும், ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. இடைத்தரகரிடம் பணம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள்.

எங்க தோட்டம் சரணாலயத்தை ஒட்டியே இருக்கு. அதனால சீக்கிரம் குடுப்பாங்கல்ல?

நேர் எதிர். வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய துப்பாக்கி உரிமம் கொடுக்க முதன்மை வனவிலங்குக் காப்பாளரின் முன் சம்மதம் வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். யானை யார் வீட்டு வாசலுக்கு வருகிறதோ அவருக்குத்தான் உரிமம் கிடைப்பது கஷ்டம். கோபப்படுகிறார்கள், நியாயமும் இருக்கிறது. ஆனால் நாட்டுத் துப்பாக்கியால் அந்தக் காடுகள் பட்ட பாட்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

லைசென்ஸ் இருக்கு. கார்ல வெச்சுக்கிட்டு முதுமலை, டாப்ஸ்லிப் போலாமா?

கூடாது. முன் எழுத்து அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்தோடும் நுழையக்கூடாது என்பது 31-ஆம் பிரிவு. தற்காப்பு என்று அங்கே சொன்னால், 11(2) பற்றிச் சொன்னேனே, அந்த விலக்கும் ஆட்டம் கண்டுவிடும். மாநில எல்லை தாண்டும் முன் உங்கள் உரிமத்தில் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். கோயில் ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம் எதற்கும் எடுத்துப்போகக் கூடாது.

எங்கே வைக்கிறது? தலையணைக்கு அடியிலயா?

போன தேர்தலுக்கு ஒரு பெரியவர் ரிவால்வரை ஒப்படைக்க வந்தார். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். சீட்டு எழுதிச் சணல் கயிற்றில் கட்டி அடுக்குவோம். தோல் உறையிலேயே பல வருஷம் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் பெல்ட்டில் செருகியிருந்த தோட்டாவெல்லாம் பச்சைப் பசேலென்று களிம்பு. தோல் பதனிட்ட சரக்கு பித்தளையைத் தின்றுவிட்டது. குழலின் ஒரு பக்கம் துரு, உருளை பாதியில் நின்றது. "ராத்திரி இது இருக்கற தைரியத்துலதான் தூங்கறேன்" என்றார்.

உறையில் வைக்காதீர்கள். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, தரையில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். தோட்டா தனியாக, ஈரமில்லாத இடத்தில். சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது பேரனுக்கு உங்களுக்கு முன்பே தெரியும்.

அப்பா தவறிட்டாருங்க. அவரோட ரிவால்வர் பீரோவுல இருக்கு. எனக்குத்தானே?

துப்பாக்கி வாரிசுக்கு வரலாம், உரிமம் தானாக வராது. இன்றைக்கே ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், பிறகு வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வைத்து உங்கள் பெயருக்கு மனுப் போடுங்கள். அதுவரை பீரோவில் இருப்பது முதல் பதிலில் சொன்ன உரிமம் இல்லாத துப்பாக்கிதான். அப்பா உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ 25 வருஷம் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற 2016 விதிகளில் வழி இருக்கிறது. யாரும் செய்வதில்லை. அண்ணன் தம்பி சண்டை வந்த பிறகு வருகிறார்கள்.

ஏனுங்க, கடை வெச்சுக்கிட்டு வாங்காதேங்கறீங்களே. நீங்க என்ன வெச்சிருக்கீங்க?

அப்பாவின் பழைய பன்னிரண்டு போர் டபுள் பேரல் ஒன்று, என் பெயருக்கு முறையாக மாற்றியது. வருஷத்துக்கு ஒரு முறை ரேஞ்சுக்கு எடுத்துப்போவேன். ராத்திரி கடையைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்கு வண்டியில் போகும்போது அது பெட்டியில் பூட்டித்தான் கிடக்கும். கையில் இருப்பது ஐந்து செல் டார்ச். போன வாரம் வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் அடித்துப் பார்த்தேன், புளியமரத்தடியில் இரண்டு கண் மின்னியது. வண்டியைத் திருப்பி டவுனில் தங்கை வீட்டில் படுத்துக்கொண்டேன். காட்டுமாடு என்று காலையில் சொன்னார்கள்.